சவுக்கு மரத்துக்கு ஒரு மடக்கு ஸ்டாண்டு

1935 டிசம்பர் 2, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. எஞ்சின் கொட்டகைத் தகரத்தில் சத்தம், பேசினால் கேட்காது. ரப்பர் உருட்டும் இரண்டாம் ரோலர் பேரிங் சூடு. கிரீஸ் வைத்தேன். நாளை மறுபடி பார்க்க வேண்டும்.

பத்து மணிக்குப் பெரிய கிராணியார் வந்தார். ஆள் அனுப்பாமல், தானே குடை பிடித்து நடந்து.

"சவரிமுத்து, கிறிஸ்துமஸ் மரம் நிறுத்த இரும்புல ஒரு ஸ்டாண்டு வேணும். மடக்கிற மாதிரி. இருவத்தி நாலாந் தேதி நம்ம கோயில்ல நிக்கணும். மறுநாள் பூசை முடிஞ்சதும் சாமியார் அத மடக்கிக் கார்ல போட்டுக்கிட்டு சிம்பாங் ரெங்கம் போவாரு. அங்க உள்ள தோட்டத்துலயும் மரம் வைக்கணுமாம். செய்யலாமா?"

"செய்யலாம்யா."

"கோயில் கதவு சின்னது. ஞாபகம் இருக்குல்ல?"

இருக்கு என்றேன்.

"போன வருசம் அந்த ஆசாரி செஞ்ச கதை ஆயிரக் கூடாது. நம்பிக்கையான கை செய்யணும். அதான் உன்கிட்டயே வந்தேன்."

சொல்லும்போது என் வலது உள்ளங்கையைப் பார்த்தார். அங்கே உள்ள தீத்தழும்பை அவர் எப்போதும் அப்படித்தான் பார்ப்பார், மரியாதையோடு.

போய்விட்டார். அரத்தை எடுத்தேன், வைத்தேன். எடுத்தேன். சாயங்காலம் வரை ஒரு வேலையும் ஓடவில்லை.

டிச. 3, செவ்வாய்

மழை. ரோலர் சரியாகிவிட்டது.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டு டூல் பெட்டிக்கு அடியில் கிடப்பது, யார் பார்க்கப் போகிறார்கள்.

போன வருசம் மரத்துக்குக் கட்டையில் ஸ்டாண்டு செய்தது மாணிக்கம் ஆசாரி. சிலுவை மாதிரி நாலு கை. நல்ல வேலை. 24-ம் தேதி மழை என்பதால் ஆபீஸ் தாழ்வாரத்தில் வைத்து மரத்தைப் பொருத்திவிட்டு அவர் லயத்துக்குப் போய்விட்டார். கோயிலுக்குள் கொண்டுபோய் வைப்பது தோட்டத்து எஞ்சின் பிட்டரான என் பொறுப்பு. தனியாகத்தான் இழுத்துக்கொண்டு போனேன். கதவில் நுழையவில்லை. சாய்த்தேன், திருப்பினேன், ஊகூம். கழற்ற வேண்டுமானால் ஆசாரியைக் கூப்பிட வேண்டும். மணி நாலரை. பிள்ளைகள் வந்து கூடத் தொடங்கிவிட்டார்கள். கொட்டகைக்கு ஓடி ரம்பத்தை எடுத்து வந்தேன். ஒரு கையின் முனையை அறுத்தேன். நுழைந்தது. மூலையில் நிறுத்தித் தள்ளிப் பார்த்தேன். நின்றது. அறுத்த துண்டை வேலியோரம் வீசினேன். குட்டைக் கை பிள்ளைகள் பக்கம் இருந்தது. அதைத் திருப்பி வைக்கக்கூடத் தோன்றவில்லை எனக்கு.

ஆறு மணிக்கு மெழுகுவத்தி ஏற்றினார்கள். ஒரு பிள்ளை கிளையைப் பிடித்து இழுத்தது. மரம் முன்பக்கம் சாய்ந்தது. தீப்பிடித்துக்கொண்டது. கிராணியார் மகள் எலிசா அடியில். எட்டு வயது அப்போது.

சாக்கைப் போட்டு அணைத்தது நான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும் நான். அவளுடைய இடது கையில் இரண்டு விரல் இன்றும் ஒட்டித்தான் இருக்கிறது.

மூன்றாம் நாள் காலை பெரட்டில், தோட்டத்துச் சனம் முழுக்க வரிசையில் நிற்கும்போது, கிராணியார் மாணிக்கம் ஆசாரி பெயரைச் சொல்லி, கவனமில்லாத வேலைக்காரன், இன்றோடு சீட்டு கிழிந்தது என்றார். நானும் வரிசையில் நின்றேன். கையில் கட்டு. எல்லாரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். வாயைத் திறக்கவில்லை.

அவ்வளவுதான். எழுதியாயிற்று. ஒன்றும் குறையவில்லை.

டிச. 6, வெள்ளி

யோங் பெங் டவுனுக்குப் போனேன். சீனன் பழைய இரும்புக் கடை. தேவை:
— நாலு அங்குல பைப், ஏழு அங். நீளம்
— ஒன்றரை அங். பட்டை இரும்பு, கால்களுக்கு
— மரத்தைக் கவ்வ மூன்று பெரிய திருகு
— மெல்லிய சங்கிலி

கடைக்காரத் தவுக்கே கேட்டார், இது என்ன, மீன் வலைக்கா என்று. மரத்துக்கு என்றேன். மரத்துக்குத்தான் வேர் இருக்குமே லா என்று சிரித்தார்.

எண்ணம் இப்படி: பைப்புக்குள் மரத்தின் அடி. மூன்று பக்கமும் திருகு. கீழே மூன்று கால், கீல் வைத்து. விரித்தால் நிற்கும், மடக்கினால் குடை மாதிரி ஒரு கட்டு. கால்கள் அகன்றுவிடாமல் சங்கிலி.

நாலு கால் வேண்டாம். கோயில் பலகைத் தரை மேடு பள்ளம், நாலு வைத்தால் ஆடும். அதோடு, நாலு கை என்று நினைத்தாலே எனக்கு ஆகவில்லை.

வீட்டில் லூர்துக்கு நிறை மாசம், கால் வீக்கம். ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் பிரசவம் இந்த மாசக் கடைசி என்கிறார். தலைப்பிள்ளை. கிராணியாரே ஞானத் தகப்பன். அவரே கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு. "என் பிள்ளைய நீ காப்பாத்தின. உன் பிள்ளை எனக்குப் பிள்ளை."

டிச. 8, ஞாயிறு

செபத்துக்குப் பிறகு கொட்டகையில். ஸ்டாண்டு நின்றது. ஏழடிச் சவுக்குக் கட்டை வைத்து, உச்சியில் மணல் மூட்டை கட்டித் தள்ளினேன். சங்கிலி இழுபட இழுபட ஒரு ஆட்டம். குடிகாரன் மாதிரி. இரண்டு கால்களுக்கு நடுவில் தள்ளினால் கவிழ்கிறது. கால் பதினெட்டு அங். போதாது. இரண்டடி வேண்டும்.

சங்கிலி ஆகாது. குடைக் கம்பி மாதிரி தாங்கு கம்பி வைத்து, ஆணி போட்டுப் பூட்ட வேண்டும்.

டிச. 11, புதன்

மழை விட்டு விட்டு. சாக்கடை நிரம்பி லயத்து வாசல்வரை தண்ணீர்.

இரண்டடிக் கால், தாங்கு கம்பி, பூட்டு ஆணி. எல்லாம் ரிவெட்டு அடித்து முடித்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது. கிராணியாரும் எலிசாவும் பார்க்க வந்தார்கள். அப்பா பின்னால் நின்றுகொண்டு எட்டிப் பார்த்தாள். இடது கையைப் பாவாடை மடிப்பில் மறைத்துக்கொள்வது இப்போது பழக்கமாகிவிட்டது அவளுக்கு.

"எங்க, தள்ளிக் காட்டு," என்றார்.

மணல் மூட்டையோடு தள்ளினேன். ஒருமுறை நின்றது. இரண்டாம் முறை நின்றது. மூன்றாம் முறை டக்கென்று ஒரு சத்தம், ஆணி இரண்டாக வெட்டுப்பட்டு, கால் உள்ளே மடங்கி, கட்டை பட்டறைமேல் விழுந்தது. அரங்கள் சிதறின.

எலிசா கத்தவில்லை. அதுதான். வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. ஓடிப் போய்விட்டாள், மழையில்.

பெரிய கிராணியார் (இனி பெ.கி.) என் தோளைத் தட்டினார். "பரவால்ல. இங்க விழுந்தது நல்லது. நீ செஞ்சு பாக்கிற ஆளு. அவன் செஞ்சு பாக்கல."

அவர் போனதும் சிதறிய அரங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.

டிச. 13, வெள்ளி

லூர்திடம் சொல்லிவிட்டேன். சோறு போட்டுக்கொண்டிருந்தாள். ரம்பம், கதவு, வேலியோரம் வீசிய துண்டு, எல்லாம்.

அகப்பையை வைத்தாள். பிறகு:

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் இல்ல."

"செல்லம்மா அக்கா என் கையப் புடிச்சிக்கிட்டு அழுதாங்க, சாமான் கட்டுறப்ப. எங்க வீட்டுக்காரரு ஒரு நாளும் அரைகுறையா வேல செய்ய மாட்டாரு லூர்துன்னு. நான் சும்மா நின்னேன்." செல்லம்மா, மாணிக்கம் ஆசாரி மனைவி.

"கிராணியார்கிட்ட சொல்லணும்," என்றேன்.

"சொல்லணும். யாரு இல்லங்கிறா. ஆனா இப்ப வேணாங்க. நிறை மாசம். வெளிய போன்னு சொன்னா இந்த மழையில எங்க போவோம்? பிள்ள பொறக்கட்டும். அப்புறம் சொல்லுங்க."

அவள் சொல்வதில் தப்பு இல்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது. பிள்ளை பிறந்தால் ஞானஸ்நானம் ஆகட்டும் என்போம். அப்புறம் பல் முளைக்கட்டும்.

டிச. 15, ஞாயிறு

சிம்பாங் ரெங்கம். அங்கே உள்ள கோயில் கதவை அளக்க வேண்டும் என்று கேட்டு பஸ் ஏறினேன். கதவையும் அளந்தேன். மூன்றடி இரண்டு அங். நம்முடையதைவிடப் பெரிது. ஆனால் போனது அதற்கில்லை.

மாணிக்கம் அண்ணன் அன்னாசித் தொழிற்சாலையில். டின் அடுக்குகிற பெட்டிக்கு ஆணி அடிக்கிறார். ஞாயிறும் வேலை. கதவு, ஜன்னல், அலமாரி செய்த கை. பெட்டி ஒன்றுக்குப் பதினாறு ஆணி, அளவு பார்க்க வேண்டியதில்லை, அடித்துத் தள்ள வேண்டியதுதான். கொட்டகை முழுக்க அன்னாசி புளித்த வாடை, ஈ.

செல்லம்மா அக்கா சோற்றுத் தூக்கோடு அங்கேதான் இருந்தாங்க. "வாங்க தம்பி. பிள்ளையக் காப்பாத்தின கை எப்படி இருக்கு? லூர்து சுகமா?"

அப்படிக் கேட்டபின் நிற்கவே முடியவில்லை. நின்றபடியே சொன்னேன். "அண்ணே, அந்த ஸ்டாண்டு கைய அறுத்தது நான்."

அவர் அடித்துக்கொண்டிருந்த ஆணியை முழுக்க அடித்தார். அடுத்த ஆணியை எடுத்தார்.

"தெரியும்," என்றார்.

"எப்படிண்ணே?"

"மறுநாள் காலைல கரிக்கட்டையப் பொரட்டிப் பாத்தேன். மூணு முனை நான் உளி வச்சு உருட்டி விட்டது. ஒண்ணு நேரா இருந்துச்சு, ரம்பம் போட்ட மாதிரி. அன்னிக்குக் கோயிலுக்குக் கொண்டு போனது நீங்க ஒருத்தர்தான்."

"ஏன் சொல்லல?"

அப்போதுதான் என்னைப் பார்த்தார். "யாரு கேட்டா? கிராணி கேட்டாரா, துரை கேட்டாரா? நீங்க கேட்டீங்களா? நீங்க கை வெந்து கெடக்குறீங்க. தோட்டமே உங்களக் கும்பிடுது. நான் போயி, இவருதான் அறுத்தாருன்னா யாரு நம்புவா? பழியத் தள்ளி விடுறான்னுதான் சொல்வாங்க."

செல்லம்மா அக்கா தூக்கை மூடினாங்க. எனக்கு ஊற்றி வைத்திருந்த காப்பியை எடுத்து ஈரத் தரையில் ஊற்றினாங்க.

கிளம்பும்போது அண்ணன் பின்னாலிருந்து: "பிட்டரே, என்கிட்ட சொல்லி என்னா ஆவப் போவுது? எனக்குத் தெரிஞ்சதத்தான சொல்றீங்க. தெரியாதவங்க கிட்டப் போயி சொல்லுங்க."

திரும்பும்போது ஆயர் ஈத்தாம் பக்கம் ரோட்டில் தண்ணீர். பஸ் ஒரு மணி நேரம் நின்றது. அதில் உட்கார்ந்தும் ஸ்டாண்டு கணக்கையே போட்டுக்கொண்டிருந்தேன். என்ன மனசு இது.

டிச. 18, புதன்

பிடிபட்டது. மதியம், சாப்பாட்டு மணி அடித்தபோது.

பாரத்தை ஆணி தாங்கக் கூடாது. கால் விரியப் பார்க்கும்போது எது தடுக்கிறது? இதுவரை ஆணி. இனி பைப்பே தடுக்க வேண்டும். கால் தலைப்பில் கீலுக்கு மேலே இரண்டு அங். விட்டு, குதிகால் மாதிரி வளைத்தேன். கால் விரிந்தால் அந்தக் குதிகால் பைப்பில் போய் முட்டிக்கொள்ளும். மேலே பாரம் ஏற ஏற இன்னும் இறுக்கி முட்டும். மடங்க வேண்டுமானால் தரையைவிட்டுத் தூக்க வேண்டும். தாங்கு கம்பி வேண்டாம், பூட்டு ஆணி வேண்டாம். எடையும் குறைவு.

மூன்று குதிகாலையும் உலையில் போட்டு, அடித்து, தண்ணீரில் அமுக்கிக் கெட்டிப்படுத்தினேன். சுத்தியல் சத்தம் தவிர வேறு ஞாபகம் இல்லாத நாலு மணி நேரம். இந்த மாசத்திலேயே நல்ல நேரம் அதுதான்.

டிச. 20, வெள்ளி

முடிந்தது. கறுப்புப் பெயிண்டு ஒரு கை. மடக்கினால் முப்பத்தொரு அங்., சாக்குக்குள் போகிறது. விரிக்க முப்பது எண்ணுகிற நேரம். மணல் மூட்டையோடு இருபது முறை தள்ளினேன், தோளால் இடித்தேன், கயிறு கட்டி இழுத்தேன். ஒரு முறைகூட விழவில்லை.

விழுந்திருந்தால் நன்றாக இருக்குமோ என்று ஒரு நினைப்பு. செய்ய முடியவில்லை ஐயா, வேறு ஆள் பாருங்கள் என்று சொல்லிவிட்டு ஒதுங்கியிருக்கலாம்.

லூர்து: "ஞாயித்துக்கிழமை அத கோயில்ல வைக்கிறீங்களாம்?"

"ஆமா."

"ஒண்ணும் சொல்லிப்புடாதீங்க." கொஞ்சம் கழித்து, முகத்தைப் பார்க்காமல்: "சொல்றதா இருந்தா எனக்கு முன்கூட்டி சொல்லிருங்க. நான் உக்காந்துக்கிறேன்."

டிச. 22, ஞாயிறு

செபம் முடிந்து எல்லாரும் இருந்தார்கள். அறுபது, எழுபது பேர். பெ.கி. என்னைக் கூப்பிட்டு ஸ்டாண்டை மடக்கி விரித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். வெட்டி வந்திருந்த சவுக்கு மரத்தை நிறுத்தித் திருகு முடுக்கினேன். பிள்ளைகள் கை தட்டின. எலிசா தட்டவில்லை.

பெ.கி. மரத்தைப் பிடித்து உலுக்கினார். அசையவில்லை. சனத்தின் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா. வேலைன்னா இது. போன வருசம் ஒரு பொறுப்பில்லாதவன நம்பி என் பிள்ளை வாழ்க்கையையே..." மரத்திலிருந்து கையை எடுத்தார். "அந்த ஆளு எங்க இருந்தாலும் கடவுள் அவனுக்குக் கூலி குடுப்பாரு."

லூர்தைப் பார்த்தேன். பெண்கள் பக்கம், சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தவள் மெதுவாகப் பாயில் உட்கார்ந்தாள்.

"ஐயா, அந்த ஸ்டாண்டு கைய அறுத்தது நான்."

கேட்கவில்லை போல. "என்னா?"

"கதவுல நுழையல. ரம்பத்த வச்சு ஒரு முனைய நான்தான் அறுத்தேன். அதனாலதான் மரம் சாஞ்சது. மாணிக்கம் ஆசாரி வேலையில குத்தம் இல்ல. யாருகிட்டயும் நான் சொல்லல."

யாரோ ஒரு பெண், "அடப்பாவி," என்றது காதில் விழுந்தது.

பெ.கி. என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். தழும்பை. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"எல்லாரும் வீட்டுக்குப் போங்க," என்றார். பிறகு மெதுவாக, எனக்கு மட்டும்: "ஒரு வருசமா என் வீட்டுல வந்து காப்பி குடிச்சியேடா."

எலிசா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அம்மா இழுத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு நடக்கும்போது லூர்து என் கையைப் பிடிக்கவில்லை. வழுக்கும் இடத்தில் மட்டும் பிடித்தாள்.

டிச. 23, திங்கள்

ஒன்பது மணிக்கு ஆபீஸ். சாமான் எதைக் கட்டுவது என்று லூர்து காலையிலேயே பார்த்து வைத்துவிட்டாள். இரண்டு பாய், அண்டா, மாதா படம், பிள்ளைத் துணி.

துரைக்குத் தமிழ் அரைகுறை. அதனால் நான் சொல்வதைப் பெ.கி.தான் இங்கிலீசில் சொல்ல வேண்டும். என் குற்றத்தை அவர் வாயால். அவர் மகள் கதையை அவர் வாயால். ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். ஒவ்வொரு வரியாகச் சொன்னார். எனக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலீசுக்கு, ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

துரை புகை பிடிக்கிற பைப்பைத் தட்டிச் சாம்பலைக் கொட்டினார். எஞ்சினை இவனைவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள் என்று கேட்டார். புரிந்தது.

பெ.கி., யாரும் இல்லை என்றார்.

அப்புறம் எதற்கு என் நேரத்தை வீணாக்குகிறீர்கள் என்றார் துரை. முடிந்தது. ஐந்து நிமிசம்கூட இல்லை.

அனுப்பவில்லை என்னை. மாணிக்கம் அண்ணனை அனுப்பவும் இவ்வளவு நேரம்கூட ஆகியிருக்காது. ஆசாரி எங்கும் கிடைப்பான், பிட்டர் கிடைக்க மாட்டான். இவ்வளவுதானா? வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டேன். சந்தோசப்பட வேண்டியவன். அவமானமாக இருந்தது.

பெ.கி.யும் வந்தார். பத்தடி தள்ளி நின்றார்.

"அன்னிக்கு அவன அனுப்பச் சொன்னது துரை இல்ல. நான். துரை கையெழுத்து மட்டும்தான் போட்டாரு. ஒரு கேள்வி நான் கேக்கல அவன்கிட்ட." மழையைப் பார்த்தபடி பேசினார். "உன் பிள்ளைக்கு ஞானத் தகப்பனா வேற ஆளப் பாத்துக்க."

"சரிங்கய்யா."

"ஸ்டாண்டு நாளைக்கு நிக்கணும். அது வேற விசயம்."

டிச. 24, செவ்வாய்

ஐந்தரை. மரம் நின்றது. காகிதப் பூ, பஞ்சு, நட்சத்திரம். மெழுகுவத்தி இருபத்தி நாலு. இரண்டு பக்கமும் மணல் வாளி, தண்ணீர் வாளி.

சனம் வந்தது. ஆனால் எல்லாம் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு. பிள்ளைகளை மடியிலேயே அமுக்கிப் பிடித்திருந்தார்கள். நடுவில் வெறும் பலகை. தீப்பெட்டி பீடத்தின்மேல் இருந்தது. யாரும் எடுக்கவில்லை. நான் எடுக்கலாமா? நான் ஏற்றினால் எழுந்து போய்விடுவார்கள் என்று தோன்றியது. பாட்டு ஆரம்பிக்க வேண்டிய உபதேசியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருந்தார்.

லூர்து எழுந்தாள். சுவரைப் பிடித்து, இடுப்பில் கை வைத்து, அவ்வளவு பெரிய வயிற்றோடு. நேராக நடந்து வந்து தீப்பெட்டியை எடுத்தாள். முதல் குச்சி நமுத்துப் போயிருந்தது. இரண்டாவது பிடித்தது. கீழ்க் கிளையில் ஒன்று, இரண்டு, மூன்று ஏற்றினாள். ஏற்றிவிட்டுப் போகவில்லை. மரத்துக்கு அடியிலேயே, முன்பக்கம், பாயைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

குதிகால்களையே பார்த்தேன். மூன்றும் பைப்பில் முட்டி உட்கார்ந்திருந்தன.

அப்புறம்தான் ஒரு பிள்ளை வந்தது. பிறகு நாலைந்து. பாட்டு ஆரம்பித்தது.

பெ.கி. வீட்டிலிருந்து யாரும் வரவில்லை என்று நினைத்தேன். பாதியில் திரும்பிப் பார்த்தால் வாசலில் குடைக்குக் கீழே எலிசாவும் அவள் அம்மாவும். எலிசா உள்ளே வரவில்லை. பாட்டு முடியும்வரை அங்கேயே நின்றாள். போய்விட்டாள்.

மெழுகு எல்லாம் அணைத்தபிறகு லூர்தைத் தூக்கிவிட்டேன். "பயமா இருந்துச்சாடி?"

"பின்ன? உங்க வேலைய நம்பியா உக்காந்தேன்? வேற யாரும் உக்காரலையேன்னு உக்காந்தேன்."

டிச. 25, புதன்

பூசை எட்டு மணிக்கு. சாமியார் எனக்கு ஒரு வார்த்தை தனியாகச் சொன்னார். அது இங்கே வேண்டாம்.

கிளம்பும்முன் பெ.கி. ஒரு கவரை நீட்டினார். "ஆசாரிகிட்ட குடு." சாமியார் கார் பின்சீட்டில் சாக்குக்குள் ஸ்டாண்டு, பக்கத்தில் நான். சிம்பாங் ரெங்கம் கோயிலில் மரத்தை நிறுத்தி, திருகு முடுக்கிக் கொடுத்துவிட்டு, நடந்தே போனேன்.

மாணிக்கம் அண்ணன் வீட்டு வாசலில் பெட்டிப் பலகையில் ஏதோ செய்துகொண்டிருந்தார். கவரைக் கொடுத்தேன். "படிங்க," என்றார். படித்தேன். தவறு நடந்துவிட்டது, பழைய வேலை, பழைய வீடு, உடனே வரலாம்.

"கடுதாசியா?" என்றார். "என்னை அனுப்பறப்ப கடுதாசி குடுத்தா அனுப்புனாங்க? பெரட்டுல, அத்தன பேரு முன்னாலயும் பேரச் சொல்லித்தான அனுப்புனாங்க."

செல்லம்மா அக்கா உள்ளேயிருந்து: "அங்கயே சொல்லச் சொல்லுங்க."

"சனிக்கிழமை வர்றேன்," என்றார் அண்ணன். "வேலைக்கு இல்ல. கேக்க."

டிச. 28, சனி

தூறல். லூர்துக்கு விடியும் முன்பே இடுப்புவலி, பிறகு நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்கு வைத்துவிட்டுப் பெரட்டுக்குப் போனேன்.

மாணிக்கம் அண்ணன் முந்தின நாளே வந்து யோங் பெங்கில் தங்கி, விடிகாலையில் நடந்து வந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வரிசையில் நிற்கவில்லை. நிறுவைக் கொட்டகைத் தூணோரம் தனியாக. சனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

பெ.கி. பெயர் கூப்பிட்டார். கடைசிப் பெயர்வரை. புத்தகத்தை மூடினார். கங்காணிகள் ஆளைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். பெ.கி. ஆபீஸ் பக்கம் திரும்பி இரண்டு எட்டு வைத்துவிட்டார். அண்ணன் அசையவில்லை. நானே கத்தலாம் என்று வாயைத் திறந்தேன்.

பெ.கி. நின்றார். திரும்பினார். தொப்பியைக் கழற்றினார். மழை தலையில் விழுந்தது.

"நில்லுங்க எல்லாரும். போன வருசம் இதே எடத்துல மாணிக்கம் ஆசாரியப் பத்தி ஒண்ணு சொன்னேன். அது பொய். அவரு வேலையில குத்தம் இல்ல. விசாரிக்காம அனுப்புனது நான்."

அடுத்து என்னைக் கூப்பிடவில்லை. நானே முன்னால் போனேன். சொன்னேன். கோயிலில் சொன்னதைவிடச் சின்னதாக. குரல் எல்லாருக்கும் கேட்டதா தெரியாது. அண்ணனுக்குக் கேட்டது.

பெ.கி. அவரிடம் போய் ஏதோ கேட்டார். வேலைக்கு வருவதைப் பற்றி. "யோசிச்சுச் சொல்றேங்க," என்றார் அண்ணன். கும்பிடவில்லை.

பஸ் ரோடுவரை கூடவே போனேன். வராதீங்க என்று சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. அரை மைல். பஸ் நிற்கிற மரத்தடியில் திடீரென்று:

"பிட்டரே, எத்தன விரல் அறுத்தீங்க?"

"என்னாண்ணே?"

"அந்த முனை. எத்தன விரக்கடை?"

ரம்பம் போட்ட இடம் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. "நாலு. நாலுக்கு ஒரு நூல் கூட."

"நாலா?" என்னை நன்றாகத் திரும்பிப் பார்த்தார். "கரிஞ்சு போனதுல சரியாத் தெரியல. நான் மூணுன்னு நெனச்சேன்."

பஸ் வரும் பக்கம் பார்த்தார்.

"மூணுன்னா நின்னுருக்கணும் அது. அதான் ஒரு வருசமா யோசிச்சுக்கிட்டே கெடந்தேன், என் பொருத்துலயும் ஏதோ குத்தம் இருக்குமோன்னு."

பஸ் வந்தது. ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்து, முழங்கால்மேல் நாலு விரலைச் சேர்த்து வைத்து, அதையே குனிந்து பார்த்துக்கொண்டு போனார்.